ஷட்டர் சாவியும் ஒரு வெளியேற்ற உத்தரவும்

வக்கீல் தொழிலில் எதிர்த்தரப்பைச் சமாளித்துவிடலாம். நமக்காகப் பேச வருகிறவர்களைச் சமாளிக்கத்தான் தனி வரம் வாங்கி வந்திருக்க வேண்டும். கறுப்புக் கோட்டுக்குள் வேகும் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கல்யாணமாகாத கட்சிக்காரர்

டெல்டாப் பக்கம் ஒரு வாய்க்கால். தலைமடையில் ஓர் ஊர், கடைமடையில் ஓர் ஊர். தண்ணீர்ப் பகை. இந்த ஊர் நாய் குரைத்தால் அந்த ஊர் நாய் பதில் குரைக்காது, பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் மதகு ஷட்டரைத் திறந்து மூடுகிறவர் குணசீலன். கைக்குழந்தையாக இலங்கையிலிருந்து படகில் வந்தவர். பிள்ளையை அகதியாக எங்கும் பதிவு செய்யாமலே தாய் செத்துப்போய்விட்டாள். இப்போது, நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு.

"அங்கே உங்களுக்கு யார் இருக்காங்க?" என்றேன்.

"ஒருத்தரும் இல்லீங்கய்யா. யார் வீட்டு வாசல்ல போய் நிக்கிறதுன்னே தெரியல."

இங்கே ஒரு பெண்ணைக் கட்டியிருந்தால் வழக்குக்குத் தெம்பாக இருந்திருக்குமே என்று அங்கலாய்த்தேன். மனுஷர் சிரித்துவிட்டார். "எந்த ஊர்ல பொண்ணு எடுத்தாலும் இன்னொரு ஊர்க்காரன் சாவியைப் பிடுங்கிடுவானேய்யா!"

சாட்சிக்கு வந்தவர்கள்

இந்த மண்ணில் வேர்விட்டவர் என்று காட்டுவது என் திட்டம். அதிகாரி விசாரணைக்கு இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் அழைத்துப் போனேன். 'நம்ம ஊர்க்காரர்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்' என்று வழியெல்லாம் ஓதினேன்.

தலைமடைக் கோவிந்தசாமி நெஞ்சை நிமிர்த்தினார். "ஊர்க்காரனா? அசல் வெளியாளுங்க! ஒட்டு உறவு எதுவும் கிடையாது. அதனாலதானே நம்பிச் சாவியைக் குடுத்திருக்கோம்!"

கோவிந்தசாமி பகல் என்றால் இரவு என்கிற கடைமடைச் சாமிநாதன், பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவரோடு ஒத்துப்போனார். "இந்த ஒண்ணுல மட்டும் அவர் சொல்றது சத்தியமுங்க."

மதுரையில்

உத்தரவு உறுதியானது. விமானத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். குடியுரிமை கேட்டு ஒரு மனுவைப் போட்டுவிட்டு மதுரை ஹைகோர்ட்டுக்கு ஓடினேன். பெரியவர்கள் இருவரும் ஒரே வேனில், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்து சேர்ந்தார்கள்.

அரசு வக்கீல் அந்த வாக்குமூலங்களையே எடுத்துப் படித்தார். நான் அசரவில்லை.

"வெளியாள்தான் மைலார்ட், மறுக்கவில்லை. அவரை அனுப்பிவிட்டால் ஷட்டர் சாவி யாரிடம் இருக்கும்? பின்னால் நிற்கும் இந்தப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்."

நீதிபதி கேட்டார். "எங்க ஊர்லதான்!" என்று இரண்டு தொண்டையும் ஒரே நேரத்தில் திறந்தன. இரண்டு தோள் துண்டும் அடிதடிக்குத் தயாராக இடுப்பில் இறுகின. அந்தச் சத்தத்தில் கோர்ட்டுப் புறாக்கள் விருதுநகரில் போய்த்தான் உட்கார்ந்ததாகக் கேள்வி. போலீஸ்காரர்கள் நடுவில் புகுந்து விலக்கினார்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். குடியுரிமை கேட்டு நாங்கள் போட்ட மனுவுக்கு முடிவு தெரியும்வரை குணசீலனை அனுப்பத் தடை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "இவங்க ரெண்டு பேரையும் நாடு கடத்த ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க வக்கீல் சார்."

பகையால் அழிந்த ஊர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள், பகையால் ஒரு மனுஷன் பிழைத்ததைப் பார்த்த வக்கீல் நான் ஒருவன்தான் என்று பார் ரூமில் சொல்லிக்கொண்டு திரிகிறேன், புறாவைச் சொன்னால் நம்புகிறவர்கள்கூட இதை நம்பமாட்டேன் என்கிறார்கள்.