எட்டாத கைப்பிடி

என் வீட்டுக்காரர் போன பிறகு, பள்ளிபாளையத்துக்குக் கீழே காவிரியில் எங்கள் படகைத் துடுப்புப் போட்டு ஓட்டியவள் நான். சென்ற ஆடியில் மகன் அதற்கு மோட்டார் வாங்கினான். அம்மாவுக்குக் கை வலிக்கக் கூடாதென்று வாங்கியிருக்கிறான் என்று கரை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

மோட்டாரை மாட்டும் இரும்புத் தாங்கியைச் செய்து எடுத்துவந்தவர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிப் பட்டறை வைத்திருப்பவர். படகின் பின்பலகையில் அதைப் பொருத்தி, மோட்டாரையும் மாட்டிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"கையை நீட்டுங்கம்மா."

மோட்டாரைத் திருப்பும் கைப்பிடி எனக்கு எட்டவில்லை.

"தாங்கி ரொம்ப வெளிய நிக்குதுங்க. ஒரு சாண் அறுத்துட்டு வெல்டு வெச்சா அம்மாவுக்கு எட்டுமுங்க" என்றார் மகனிடம்.

"வேண்டாமுங்க. எனக்கு எட்டுதுல்ல, போதும்" என்றான் மகன்.

"ஏஞ்சாமி, அப்ப நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டேன்.

"முன்னால சனத்தோட உக்காரும்மா. கெழவி ஓட்டுனா எவன் ஏறுவான்?"

பட்டறைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் நட்டுகளை முடுக்கினார்.

இப்போது முன்பலகையில்தான் போகிறேன். தண்ணீர் வற்றினால், "பாறை எந்தப் பக்கம்மா?" என்று பின்னாலிருந்து கத்துகிறான். திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டுகிறேன். அவனுக்காக இல்லை. படகில் ஏறியிருப்பது ஊரார் பெற்ற பிள்ளைகள்.