புகையை எரித்த வாரம்

சும்மா இருக்க எனக்கு வராது. விடுமுறைக்கு, தெரணியகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் காலையே அப்பாவோடு சண்டை.

"இந்த இருமலோட திரும்பவும் அந்தப் பொகைக்குள்ள போறீங்களா?"

"நான் போகாட்டி ஷீட்டு காயுமா புள்ள?"

அப்பா ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் அடுப்பு பார்ப்பவர். விறகு தள்ளவும் ஷீட்டைப் புரட்டவும் நாள் முழுக்க உள்ளே போய்வருவார். நானோ கொழும்புப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில், புகையை எரித்துத் தீர்க்கும் வினையூக்கி செய்கிறவள். தேன்கூடு மாதிரி நேர்நேராகத் துளைவிட்ட பீங்கான் கட்டி. துளைச் சுவர்களில் ஊக்கியை மெல்லிசாகப் பூசியிருப்போம். கட்டி சூடேறியதும், நுழைகிற புகை அங்கேயே எரிந்துவிடும். துளை குறுகினால் கரி அடைக்கும். அகன்றால் புகை சுவரைத் தொடாமலே ஓடிவிடும். அந்த அளவைப் பிடிப்பதற்குள் என் தலைமுடி பாதி கொட்டிவிட்டது. ஊரார் புகையை எல்லாம் ஒழிக்கப் போகிறேனாம், இங்கே பெற்ற அப்பா இருமிச் சாகிறார்! எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லாரும் மாத்தயா, அதாவது ஐயா, என்று கூப்பிடும் தோட்டத்துச் சிங்களப் பொறுப்பாளரை நச்சரித்து அனுமதி வாங்கி, ஆய்வுகூடத்திலிருந்து வரவழைத்த கட்டிகளைக் கூடத்து அடுப்புக்கு மேலே அடுக்கினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன். சூடு பிடித்ததும் புகை மெலிந்தது, அப்புறம் காணவே காணோம். விறகும் குறைவாகத்தான் செலவானது.

அந்த வாரம் அப்பா இருமாமல் தூங்கினார். அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள். நான்தான் தூங்கவில்லை, அடுத்த புகைக்கூடத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஷீட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் கண்டது. ஷீட்டைக் காய வைப்பது சூடு. பூஞ்சணம் அண்டாமல் காப்பது புகை. அடிப் பாவி, அதையல்லவா எரித்துத் தொலைத்திருந்தேன்!

மாத்தயா சிங்களத்தில் சத்தம் போட்டார், என்னிடம் இல்லை, அப்பாவிடம். இனி இப்படி ஆனால் அடுப்புக்கு வேறு ஆளைப் போடுவாராம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்பு என்னோடது மாத்தயா, என்னைத் திட்டுங்க" என்று நானும் சிங்களத்திலேயே கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கட்டிகளை அப்பாவே கழற்றி வெளியே வைத்தார். பச்சை விறகாகப் பார்த்து அடுப்புக்குள் தள்ளினார். நான் வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவர் உருவம் மங்கி, குரல் மட்டும் கேட்டது.

"பொகை வந்துருச்சு புள்ள! நல்லா வந்துருச்சு!"

நான் ஊருக்கு வந்து இறங்கியபோதுகூட அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. அடுத்த மூச்சில் இருமத் தொடங்கினார்.