வஞ்சிரம் சிக்கிய வெள்ளிக்கிழமை

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பொய் மீன்கள் இருந்தன. தகரத்தில் செய்தவை, ரப்பரில் செய்தவை, கொக்கியைச் சுற்றி வெள்ளை இறகு கட்டியவை. நிஜ மீன்தான் ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் அப்பாவுக்கு வேலை. தொழிற்சாலை கொடுத்த இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, ஒன்பது வயதில் நான். அப்பா திருச்சிக்காரர். காவிரியில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை என்று அவரே சொல்வார். அம்மாவுக்கு நாகப்பட்டினம். அவளுடைய அப்பாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, அங்கே சொந்தமாக இரண்டு படகுகள் இருந்தன. பாவாடை கட்டிய வயது முழுக்க அம்மா அவரோடு கடலுக்குப் போனவள்.

தாத்தா இறந்துபோன தந்தி எங்கள் கைக்கு வந்தபோது நான்கு நாள் கடந்திருந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்தார். லீவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது, பாஸ்போர்ட் கம்பெனியின் பெட்டியில் இருந்தது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சிருக்குமே. இனிமே போயி என்ன பண்ணப்போற?" என்றார்.

அம்மா பதில் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. சமைத்தாள், துவைத்தாள், என் தலையைப் பின்னிவிட்டாள். அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. "அப்பாவுக்குத் தயிர் வேணுமான்னு கேளு" என்பாள், கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே. நான் கேட்டுச் சொல்வேன். அந்தத் தூதர் உத்தியோகத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

இந்த நிலையில்தான் அப்பாவுக்கு மீன்பிடிப் பைத்தியம் பிடித்தது. தொழிற்சாலை வண்டி ஓட்டும் பலூச்சிஸ்தான்காரர் ஒருவருக்குச் சொந்தமாக எஞ்சின் படகு இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் விடிந்ததும் அப்பா அவரோடு கிளம்புவார். ஓடும் படகின் பின்னால் பொய் மீனைத் தூண்டில் நரம்பில் கட்டி இழுத்துக்கொண்டே போக வேண்டும். உயிர் மீன் என்று நம்பிப் பெரிய மீன் வந்து கவ்வும். அப்பா இதை ஒரு பரிசோதனையாகவே நடத்தினார். எந்த நிறம், எத்தனை மணி, வெயிலா மேகமா என்று நோட்டில் எழுதினார். முடிவு என்ற இடத்தில் மூன்று வாரமும் பூஜ்யம்.

மூன்றாம் வெள்ளியன்று, அறுந்த நரம்பின் நுனியோடு வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அதை எனக்குக் காட்டி, "பாரு, கத்தியால வெட்டின மாதிரி இருக்கு. என்னவா இருக்கும்?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? முழித்தேன்.

"வஞ்சிரம்" என்றாள் அம்மா.

ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள். "கொக்கிக்கு மேல ஒரு முழம் கம்பி கட்டணும். வெறும் நரம்பா விட்டா பல்லால அறுத்துட்டுப் போவாம என்ன பண்ணும்?"

நேராக அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். என் உத்தியோகம் அன்றோடு போயிற்று.

சாப்பாடு முடிந்ததும் அம்மா பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னாள். பாயில் கொட்டி ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள். சிவப்பு ரப்பர் மீனைத் தூக்கிப் பிடித்து, "இவ்ளோ செவப்பு எதுக்கு? மீனுக்குக் கல்யாணமா?" என்றாள். பெரிய இறகுகளை ஒதுக்கினாள். கடைசியில் கரண்டி முகம்போல் குழிந்த ஒரு வெள்ளித் தகடு அவளுக்குப் பிடித்தது. "இந்தக் கடல்ல என்ன பொடிமீன் ஓடுது?" என்று கேட்டாள். மத்தி என்றார் அப்பா. "அப்ப இதான். மத்தி அளவு, மத்தி மினுக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் மூவருமே போனோம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா படகில் ஏறியதைப் பார்த்துப் படகுக்காரர் திகைத்தார். "பாபி பீ?" என்று அப்பாவிடம் கேட்டார். அண்ணியுமா என்று அர்த்தம். "பாபிதான் கேப்டன்" என்று அப்பா தமிழிலேயே சொன்னார். அவருக்குப் புரிந்துவிட்டது.

கரை சிறுத்து, பின்னால் மலைகள் சாம்பல் நிறத்தில் எழுந்து நின்றன. அம்மா கைகளை விரித்து விரித்து, ஒரு விரிப்புக்கு ஒரு பாகம் என்று எண்ணி, இருபது பாகம் நரம்பு விட்டாள். விரலிடுக்கில் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "வேகம் ஜாஸ்தி. தகடு பம்பரமாச் சுத்துது. சுத்துனா மீனு பயந்து ஓடிரும். அடிபட்ட மத்தி மாதிரி துடிக்கணும்."

அப்பா திரும்பி, "பாய், ஆஹிஸ்தா!" என்று கத்தினார். எஞ்சின் சத்தம் தணிந்தது. அம்மா என் விரலை நரம்பின்மேல் வைத்தாள். ஏதோ சின்ன உயிர் அந்தப் பக்கம் நடுங்குவதுபோல் இருந்தது.

"நேராவே போவக்கூடாது. வளைஞ்சு வளைஞ்சு போவச் சொல்லுங்க. திரும்பயில தகடு கொஞ்சம் அமுங்கும். அப்பதான் அடிக்கும்."

மூன்றாவது வளைவில் அடித்தது. நரம்பு அம்மாவின் கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பதறிப்போய் உதவ வந்த அப்பாவை, "தொடாதீங்க!" என்று அதட்டினாள். இழுத்தாள், விட்டுக்கொடுத்தாள், மறுபடி இழுத்தாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. கடைசியில் என் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்த வஞ்சிரம் ஒன்று படகுக்குள் வந்து விழுந்து பலகையை அடித்தது.

"மாஷா அல்லா! கனாத்!" என்று படகுக்காரர் கூவினார். வஞ்சிரத்துக்கு அங்கே அதுதான் பெயர். நான் கைதட்டினேன்.

அம்மா மீனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்மேல் கையை வைத்தாள். பிறகு, "அப்பா... அப்பா..." என்று பெருங்குரலெடுத்து அழுதாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. உள்ளங்கையில் ரத்தம் வடிந்தது. கை வலிக்கிறது போலும் என்று நானும் அழத் தொடங்கினேன். படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு மலைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா கைக்குட்டையை எடுத்து அம்மாவின் கையில் சுற்றினார்.

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது" என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். சரி என்றா, ஆமாம் என்றா, தெரியவில்லை.

கரைக்கு வந்ததும் மீனில் பாதியைப் படகுக்காரருக்கு வெட்டிக் கொடுத்தோம். அவர் போன பிறகு அம்மா புடவையோடு கடலுக்குள் நடந்து, தெற்கே பார்த்து நின்று, மூன்று முறை முங்கினாள். அப்பாவும் போய்ப் பக்கத்தில் நின்றார். இடுப்பளவைத் தாண்டி, மார்பளவுக்கு. சட்டையைக் கழற்றவில்லை, கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரும் மூன்று முறை முங்கினார்.

கடிகாரத்தோடு குளிக்கும் அப்பாவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருவரும் சமாதானமாகி விளையாடுகிறார்கள் என்று நினைத்து, கவுனோடு ஓடிப்போய் நானும் குதித்தேன். தண்ணீரை வாரி இருவர்மேலும் இறைத்தேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. அம்மா என் தலையைப் பிடித்து, மெதுவாக, மூன்று முறை தண்ணீருக்குள் அமுக்கி எடுத்தாள். ஒவ்வொரு முறையும் நான் சிரித்துக்கொண்டே மேலே வந்தேன்.