தொண்ணூற்றொன்பதும் ஒன்றும்

என் வீட்டுக்காரர் ஹொரேஸ் பெங்கெலிக்குத் தம்பி மேல் பொறாமை. போய்ச் சேர்ந்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்பார்கள். பேசத்தான் செய்வேன். நல்ல மனிதர், மாடாய் உழைப்பார், என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் பொறாமைக்காரர்.

எங்கள் ஊர் வரூக்கில் கோதுமை விளைந்தாலும் பொய்த்தாலும் குளிர்காலச் சனிக்கிழமைகளில் கால்பந்து உண்டு; பக்கத்துக்கு நாலு கம்பம் நட்டு ஆடுகிற எங்கள் நாட்டுக் கால்பந்து. அணிக்குக் கோல் உதைத்துக் கொடுக்கிற ஆள் முதலில் இவர்தான். ஒன்பதாம் எண் சட்டை. ஓர் அறுவடையில் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து முட்டி போனது. அந்தச் சட்டையைத் தம்பி மெர்வினுக்குக் கொடுத்துவிட்டார்கள். துவைத்துக் கொடுத்தது நான்தான். அன்று இவர் சாப்பிடவில்லை.

சும்மா இருக்க வேண்டாமென்று இவரைக் கோல் நடுவராக்கினார்கள். எங்கள் லீகில் அந்தந்த ஊரே ஒரு கோல் நடுவரைக் கொடுக்க வேண்டும். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, இரண்டு கொடி. நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்து சுத்தமாகப் போனால் கோல், ஆறு புள்ளி; இரண்டு விரல் காட்டி இரண்டு கொடியையும் ஆட்ட வேண்டும். கம்பத்தில் உரசிவிட்டுப் போனால் கோல் இல்லை; ஒரு விரல், ஒரு கொடி, ஒரே ஒரு புள்ளி. தம்பி உதைக்க உதைக்க அண்ணன் நின்று கொடியாட்ட வேண்டும். எந்த வயிறு தாங்கும்?

ஒருமுறை மெர்வின் எனக்குக் குடை வாங்கி வந்தான். மழையே பெய்யாத ஊரில் குடை எதற்கென்று இவர் அதைக் கோழிக்கூண்டின் ஓட்டையில் செருகிவிட்டார்.

ஐம்பத்து நாலாம் வருடம் மெர்வினுக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, தொட்டதெல்லாம் கோல். எங்கள் லீகில் ஒரே பருவத்தில் யாரும் நூறு கோல் கண்டதில்லை. கடைசி ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் அவன் கணக்கு தொண்ணூற்றொன்பது. மைதானத்தைச் சுற்றிக் கார்கள் மூக்கை நீட்டி நின்றன. நூறாவது விழுந்ததும் உள்ளே ஓட ஊரே வேலியில் காலைப் போட்டுக்கொண்டிருந்தது. மெர்வின் உதைக்கும் பக்கம்தான் இவர் நின்றார்.

பால்காரர் டட்லி கம்பத்துக்குப் பின்னாலிருந்து கத்தினார்: "யோவ் ஹொரேஸ், ரெண்டு கொடியும் இருக்கா? இல்ல, ஒண்ண வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் காது சிவந்தது எனக்குக் கார் வரை தெரிந்தது.

மெர்வின் பக்கவாட்டிலிருந்து உதைத்தான். பந்து உள்ளே போயிற்று. இவர் நின்றார். ரொம்ப நேரம் நின்றார் என்றே எனக்குப் பட்டது. பிறகு இரண்டு விரல். இரண்டு கொடி. கார் ஹாரன்கள் அலற, சனம் வேலி தாண்டி ஓடி மெர்வினைத் தோளில் தூக்கியது.

வீடு திரும்பும்போது காரில் சொன்னார்: "கம்பத்துல உரசுச்சுடி."

"அப்புறம் எதுக்கு ரெண்டு விரல் காட்டுனீங்க?"

"ஒண்ணு காட்டியிருந்தா வயித்தெரிச்சல்ல பண்ணிட்டான்னு சொல்லுவாங்க."

"வயித்தெரிச்சல் இல்லியாக்கும்?"

"இருக்கு. அதனாலதான்."



கிளப் சுவரில் பொன்னெழுத்தில் மெர்வின் பேரும் நூறும் ஏறின. இவர் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் பீர் குடிப்பார். தன் கையாலேயே கொடுத்த கோலுக்காகப் பொறாமைப்பட்டவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். உண்மையைச் சொல்லவும் வழியில்லை. சொன்னால், பாரு, பெங்கெலிக்கு இன்னும் ஆறவில்லை என்பார்கள். யார் கேட்டாலும் நான் தொண்ணூற்றொன்பது என்றே சொல்வேன். எனக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பல வருடம் கழித்து மெர்வின் நிலத்தை விற்றுவிட்டு ஜீலாங் பட்டணத்துக்குக் குடிபோனான். சொல்லிக்கொள்ள வந்தவன் டீ குடித்துவிட்டு வாசலில் தயங்கினான்.

"அண்ணே, அன்னிக்கு நூறாவது பந்து கம்பத்த உரசிட்டுப் போச்சே, நானும் பாத்தேன். உதைச்சவனுக்குத் தெரியாதா? உன் வாயால பொய்யே வராது. எனக்காக அதையும் பண்ணினே. வேற எந்த அண்ணன் பண்ணுவான்?"

இவர் முகம் கறுத்தது. "உனக்காக இல்லடா அது."

"பாத்தீங்களா அண்ணி, இப்பவும் ஒத்துக்க மாட்டேங்குறாரு," என்று மெர்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவரைக் கட்டிப்பிடித்தான். இவர் கை இரண்டும் தொங்கியபடியே இருந்தன.

வண்டி தூசி கிளப்பிக்கொண்டு மறைந்தது.

"நான் சொன்ன ஒரே ஒரு பொய்," என்றார் இவர். "அதையும் அவனே எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."