அந்தோணி காரின் டயர்கள்

போன வாரம் டயர் மாற்ற லுக்குட் டவுனுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் என் பழைய டயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஓரமும் தேஞ்சிருச்சி லா அங்கிள். காத்து கம்மியாவே ஓட்டியிருக்கீங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற இன்னொரு காரைக் காட்டி, இந்தக் கார்க்காரர் உங்களுக்கு முன்னாலேயே டயர் போட்டவர், இன்னும் எப்படி இருக்கிறது பாருங்கள் என்றார். பார்த்தேன். நான்கும் ஒரே மாதிரி, சீராகத் தேய்ந்திருந்தன. முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு வயிறு எரிந்தது. பேரன் பேத்தி எடுத்த வயதில் ஒரு டயருக்காகவா என்று சிரிக்காதீர்கள். எனக்கு இது பழைய வியாதி.

கடைக்குள் புது டயர் வாசம் தூக்கலாக இருந்தது. அதில் புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாசம் லேசாகக் கலந்திருக்கும் என்று நான் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு அது தெரியும். இளவயதில் நான் இருந்த ரப்பர் எஸ்டேட்டில் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகையில்தான் என் கூட்டாளி அந்தோணி வேலை பார்த்தான். அவன் சட்டையில் எப்போதும் அந்த வாசம்தான்.

நான் எஸ்டேட் ஆபீஸில் சின்னக் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு. நானும் அந்தோணியும் ஒரே வருடத்தில்தான் ஆளுக்கொரு பழைய கார் வாங்கினோம். அவனுடையது என்னுடையதைவிடப் பழையது. அதில் எனக்கு இருந்த சந்தோஷம் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. செம்மண்ணும் கல்லுமாகக் கிடந்த அதே எஸ்டேட் சாலையில்தான் இரண்டு பேரும் ஓட்டினோம். என் டயர் மொட்டையாகிக்கொண்டு வந்தது. அவனுடையது வாங்கியபடியே இருந்தது.

காரணம் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் புறப்படும் முன், வண்டி ஓடிச் சூடாவதற்குள், காற்று அளந்து அடிப்பான். நான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து, சூட்டோடு அளந்து, போதும் என்று எழுந்துவிடுவேன். அவன் உடைந்த குடைக்கம்பியை வைத்துக்கொண்டு டயர் பள்ளங்களில் சிக்கிய கல்லை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பான். சில மாதத்துக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னால் மாற்றுவான். காற்றடைக்கும் வாயின் மூடி நான்கும் அவன் காரில் இருந்தன. என் காரில் ஒன்றுகூட இல்லை. இதெல்லாம் தெரிந்தும் நான் ஒன்றையும் செய்யவில்லை. செய்தால் அவனைப் பார்த்துக் காப்பியடித்ததாக ஆகிவிடுமாம். அப்படி ஒரு வீம்பு.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கெமாஸில் ரயில் வேலை. எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, அன்றைக்கே பெண்ணைக் கெமாஸுக்கு அழைத்துப்போக வேண்டும். என் காரில், நான் ஓட்டி, அவளைக் கொண்டுபோய் விட வேண்டும் என்று கார் வாங்கிய நாளிலிருந்தே ஆசை. டயரோ பக்கவாட்டில் வெடிப்பு விட்டுக் கிடந்தது. கல்யாணச் செலவுக்கு நடுவில் புது டயருக்குக் காசில்லை.

ரப்பர் காட்டில் பிறந்தவனுக்குத்தான் அப்படியொரு யோசனை வரும். டயரே நம் பாலில் செய்ததுதானே? பால் ஸ்டோரிலிருந்து ஒரு வாளி ரப்பர் பால் கொண்டுவந்து, அடுப்புக் கரியை நுணுக்கிக் கலந்து, நான்கு டயருக்கும் பூசினேன். காய்ந்ததும் கறுகறுவென்று மின்னியது. கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. மறுநாள் கல்யாணச் சாமான் வாங்க அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு லுக்குட் போனேன். பாதி வழியில் பட் பட் என்று சத்தம். கடைத்தெருவில் இறங்கிப் பார்த்தால், பூசியதெல்லாம் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்குகிறது. தெருவே வேடிக்கை பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே அந்தோணி வீட்டுக்குப் போய், பெண்ணை உன் காரில்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தார்.

கல்யாணத்தன்று தங்கையும் மாப்பிள்ளையும் அவன் காரின் பின்சீட்டில் ஏறினார்கள். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அந்தோணி என்னைத் தேடி வந்து கையில் சாவியை வைத்தான்.

"ஒன் தங்கச்சிய நீதான் கொண்டுபோயி விடணும். ஒன் காடிய நான் ஓட்டிட்டு வர்றேன். பாத்திரத்த எல்லாம் அதுல ஏத்து."

கெமாஸ் வரை நான்தான் ஓட்டினேன். கல்லிலும் பள்ளத்திலும் அந்தக் கார் போன பதத்தை என்னவென்று சொல்வது? தங்கை தலையைக் குனிந்தபடி அழுதுகொண்டே வந்தாள். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. இவ்வளவு நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறானே என்று. போதாததற்கு, என் மொட்டை டயர்களை ஒரு பஞ்சர்கூட இல்லாமல் அவன் கெமாஸ் வரை கொண்டுவந்து சேர்த்தான். என்னிடம் அவை ஒருநாளும் அப்படி நடந்துகொண்டதில்லை.

அந்த எஸ்டேட் இப்போது வீடமைப்புப் பகுதி. செம்மண் சாலை தாருக்கு அடியில் போய்விட்டது. புகைக் கொட்டகை இருந்த இடத்தில் வரிசை வீடுகள். அந்தோணியை லுக்குட்டில் அடக்கம் செய்து இரண்டு வருடமாகிறது. தங்கையின் கணவர், என் மச்சான், அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்தார்.

இந்தத் தீபாவளிக்குக் கெமாஸ் போயிருந்தபோது தங்கை தன் பேத்தியிடம் கல்யாணக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தோணி அண்ணந்தான் காடி ஓட்டிட்டு வந்தாரு. ஒரு குலுக்கல் கெடையாது. எவ்ளோ பதமா கொண்டாந்து விட்டாரு தெரியுமா."

ஓட்டியது நான் என்றேன். அவள் சிரித்துவிட்டு, பேத்திக்கு மேற்கொண்டு கதை சொன்னாள். அன்றைக்கு அந்தக் காரில் இருந்தவர்களில் இப்போது மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தோணி இருந்திருந்தால் அவனே எனக்காகச் சாட்சி சொல்லியிருப்பான்.