ஏழாவது தட்டு

ஏழாவது தட்டு வந்ததும் குழாயை மூடிவிடுவார். அதில் என்ன மிச்சம் என்று குனிந்து பார்ப்பார். பிறகு தொட்டிக்கு மேலே சுவரில் சோப்புத் துண்டால் ஒரு கோடு. மறுபடி குழாய் திறக்கும், ஆறு தட்டுகள் பார்வையே படாமல் கழுவப்படும்.

தையல் தொழிற்சாலை கேன்டீனில் அவர் தட்டு கழுவுகிறார், நான் பக்கத்தில் நின்று துடைக்கிறேன். எல்லோருக்கும் அவர் ஏழாம் நம்பர் அக்கா.

"ஏன் ஏழு?" என்று கேட்டேன்.

"அஞ்சுன்னா கை ஓஞ்சுடுது. பத்துன்னா எண்ணிக்கை மறந்துடுது. கண்ணுக்குப் பட்டதையே எடுத்தோம்னா, நாம நெனச்சதுதான் கெடைக்கும்."

தக்காளி வாங்கினாலும் கூடையின் அடிவரை கையை விட்டு எடுத்துப் பார்ப்பார். மகளுக்கு வரன் வந்தபோது பையனின் உறவினர் ஒருவரையும் விசாரிக்கவில்லை. அவன் தினமும் போகும் பஸ்ஸின் நடத்துநரைப் போய்க் கேட்டார். "சில்லறைக்குச் சண்டை போடாதவன்னு சொன்னாரு. போதும்." வீட்டுச் சமையலை அவர் கணவர் புகழ்வது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. "அவரு ஒரே ஆளு. அதுவும் பயந்த ஆளு."

போன மாதம் கேன்டீன் மேலாளர் கதவில் ஒரு தாள் ஒட்டினார்: 'நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் பூசணி சூப்பை விரும்புகிறார்கள். இனி தினமும் பூசணி சூப்.' பூசணிக்காய் அவருடைய மைத்துனரின் வண்டியில் வருகிறது.

அக்கா ஈரக்கையோடு போய்ப் படித்தார். "யாருகிட்ட சார் கேட்டீங்க?"

"ஐம்பது பேருகிட்டம்மா. சூப் கவுன்டர்ல நின்னு நானே கேட்டேன்."

"ரெண்டாம் தடவை வாங்க வந்த வரிசையிலயா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பஸ்ஸுக்குள்ள ஏறி நின்னு, 'பஸ்ஸ தவறவிட்டவங்க யாரு, கைய தூக்குங்க'ன்னு கேட்டிருக்கீங்க."

சமையல்காரர் கரண்டியை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார். மேலாளருக்குக் காது சிவந்தது. "அப்ப நீங்களே சொல்லுங்க. நாளைக்கு எத்தனை பேரு மிச்சம் வைப்பாங்க?"

"பாதிக்கு மேல."

"உங்க ஏழாம் நம்பர் கணக்குப்படியே பாத்துடுவோம். பாதிக்கு மேல வந்தா தாளைக் கிழிச்சுடறேன். வரலன்னா நீங்க தொட்டிய விட்டுட்டு முற்றம் பெருக்கணும்."

அக்காவின் முழங்காலுக்கு முற்றம் ஆகாது. வேலையை விட்டு நிற்பதும் ஆகாது. ஆனாலும் "சரி" என்றார்.

மறுநாள் மேலாளர் நாற்காலியைத் தொட்டிப் பக்கமே போட்டுக்கொண்டார். சமையல்காரர் அடுப்பை விட்டு வந்து நின்றார். ஒவ்வொரு ஏழாவது கிண்ணத்துக்கும் ஒரு கோடு: மிச்சம் இருந்தால் வலப்பக்கம், காலியானால் இடப்பக்கம். இருநூற்றுப்பத்துக் கிண்ணங்கள் முடிந்தன. நான் இரண்டு முறை எண்ணினேன். வலம் பதினைந்து. இடம் பதினைந்து.

"சரிபாதி!" என்று எழுந்தே விட்டார் மேலாளர். "பாதிக்கு மேல இல்லையே!"

அப்போது இன்னொரு கிண்ணம் வந்தது. நீல விளிம்பு, மேலாளருக்கு மட்டும் பரிமாறுகிற கிண்ணம். மேலே காகிதத் துண்டு போட்டு மூடியிருந்தது. அக்கா துண்டை எடுத்தார். சூப் விளிம்புவரை அப்படியே இருந்தது, ஸ்பூன்கூட நனையவில்லை.

மேலாளர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"போடுக்கா கோட்டை! பதினாறு!" என்று குதித்தார் சமையல்காரர்.

அக்கா கிண்ணத்தையும் சுவரையும் பார்த்தார். "இது அடுத்த ஏழுக்கு முதல் கிண்ணம். கணக்குல வராது." சூப்பைக் கொட்டி, கழுவி, என்னிடம் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். முழங்காலைப் பிடித்தபடி இரண்டு படி இறங்கியும் விட்டார்.

"அதை வைங்கம்மா." கதவருகே வந்துவிட்ட மேலாளர் இன்னமும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை மட்டும் கதவிலிருந்த தாளை மெல்ல உரித்தது. "நாளைக்கு எத்தனை கிண்ணம் சூப் போடச் சொல்லட்டும்?"

"ஒரு நாள் கணக்க வெச்சு எப்படி சார் சொல்றது? ஒரு வாரம் போகட்டும்."

அக்கா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தார். முந்தானை நுனியை நனைத்து, சுவரிலிருந்த முப்பது கோடுகளையும் அழித்தார்.