நடவுக்காரியின் கண்

கீரப்பாளையத்தில் நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் மலர்க்கொடிக்கு ஒரு கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. கடலூரில் ஆபரேஷன் செய்த டாக்டர், கண்ணுக்குள் இருந்த கூழ் போன்ற திரவத்தை எடுத்துவிட்டு வாயுக் குமிழியை வைத்தார்.

"குனிஞ்சே இருந்தாதான் குமிழி மேல ஏறி விழித்திரைய அழுத்திப் பிடிக்கும். ஒரு வாரம் நிமிரக் கூடாது."

மகள் இளவரசி அழுதாள். "எப்பிடிம்மா இருப்ப?"

"நாத்து நட்ட இடுப்புடி இது. என்னமோ புதுசா குனியச் சொன்ன மாதிரி அழுவுற!"

வார்டில் மற்றவர்கள் கழுத்து வலி என்று புலம்பினார்கள். மலர்க்கொடியோ குனிந்தபடியே சாப்பிட்டாள். பார்க்க வந்தவர்களைக் கால்களைப் பார்த்தே அடையாளம் கண்டு வம்பளந்தாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் கண்ணைச் சோதித்தார். "நல்லா ஒட்டிக்கிச்சும்மா. நிமிரலாம்."

மலர்க்கொடி நிமிர்ந்தாள்.

"ஒட்டாம எங்க போவும்? நான் குனிஞ்சி நட்ட நாத்து என்னிக்கு சார் மெதந்துருக்கு?"